அம்மம்மாவின் பேன்சீப்பும் பேத்தியின் சுருளும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி சுருள் முடியைப் பற்றியவை. புதிதாக வாசிப்பவர்களுக்காக: வெள்ளவத்தையில் மூன்று கதிரை போட்ட சின்னச் சலூன் என்னுடையது. அதற்கு முன் ஒன்பது வருடம் பாரிஸில் இருந்தேன். படுக்கை லாச்சப்பலில், தமிழ்க் கடைகளுக்கு மேலே ஓர் அறையில். வேலை சத்தோ தோவில், ஆபிரிக்கப் பெண்களின் சலூன் ஒன்றில். கார் து நோரில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது தரிப்பு. தரை கூட்டப் போனவள், கடைசியில் பின்னல் போடப் பழகினேன். பழக்கியவர் ஐவரி கோஸ்ட்காரர். எல்லோரும் அவரைத் ‘தாந்தி’ என்போம். எங்களுக்கு மாமி, அன்ரி மாதிரி அவர்களுக்கு அது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

பிள்ளை, என் பேத்திக்கு ஐந்து வயது. மகள் லண்டனில் வேலை, மருமகன் கானா நாட்டவர். குழந்தை இந்த வருடம் என்னோடுதான். காலையில் நல்லெண்ணெய் தடவி, சிக்கு எடுக்கப் பேன்சீப்பால் இழுக்கிறேன். அயல் கூடுகிற மாதிரிக் கத்துகிறாள். முடியும் வளர்வதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ‘காப்பிலி முடி அப்படித்தான்’ என்கிறாள். ‘அம்மம்மா, காப்பிலி என்றால் என்ன?’ என்று பிள்ளை கேட்கிறாள். என்ன சொல்ல? — ஓர் அம்மம்மா, வெள்ளவத்தை

அம்மா, முதல் வேலையாக அந்தப் பேன்சீப்பை எங்காவது ஒளித்து வையுங்கள். உங்களுக்கும் கிடைக்காத இடமாக இருக்கட்டும்.

உங்கள் முடியும் என் முடியும் நேராக விழுகிறவை. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனி வரைக்கும் போய்விடும். உங்கள் பேத்தியின் முடி பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி. அத்தனை வளைவையும் தாண்டி அந்த எண்ணெய் இறங்காது. அதனால் நுனி எப்போதும் காய்ந்தே இருக்கும். ஒவ்வொரு வளைவும் முடி முறியக்கூடிய இடம். அதில், அதுவும் உலர்ந்த முடியில், பேன்சீப்பை விட்டால் பிள்ளை கத்தாமல் என்ன செய்யும்?

வளரவில்லை என்பது கண் செய்கிற ஏமாற்று. முடி ஈரமாக இருக்கும்போது ஒரு கொத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். காது மட்டத்தில் நிற்கிற முடி தோளைத் தொடும், விட்டால் மறுபடி சுருண்டு காதுக்கே போகும். வளர்கிறது அம்மா. வளர்கிற அளவுக்கு நுனியில் முறிகிறது, அவ்வளவுதான்.

எண்ணெயில் பிழையில்லை, வைக்கிற நேரம்தான் பிழை. காய்ந்த முடிக்கு மேல் எண்ணெய் தடவினால் காய்ந்ததை மூடி வைத்த மாதிரி. முதலில் தண்ணீர், அதற்கு மேல் கிரீம், கடைசியில் அந்த ஈரம் போகாமல் இருக்க நாலைந்து சொட்டு எண்ணெய். முழுக முந்தித் தடவுவதற்குத் தேங்காயெண்ணெய் நல்லது. அது முடிக்குள் இறங்கும், கழுவும்போது முடியில் இருக்கிற புரதம் கழன்று போவதைக் குறைக்கும். சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்று 2003 இல் இந்திய ஆய்வாளர்கள் பரிசோதித்தே காட்டினார்கள். எங்கள் பாட்டிமாருக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை என்பது வேறு கதை.

இனி முழுக்கு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேறு வேலை வைக்காதீர்கள், ஒன்றரை மணித்தியாலம் போகும். பிள்ளைக்கு ஒரு முக்காலி, கையில் கார்ட்டூன் ஓடுகிற போன். நீங்கள் பின்னால் கதிரையில். தலையை நாலாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். கையில் இருக்கிற ஒரு பங்கை ஸ்ப்ரே போத்தலால் சொட்டச் சொட்ட நனைத்து, கொண்டிஷனர் பூசுங்கள். வீண்செலவு என்று உங்களுக்கே மனம் கூசும், அந்தளவு பூச வேண்டும். முதலில் விரல்தான். நுனியில் தொடங்கி ஓர் அங்குலம் மேலே, பிறகு இன்னோர் அங்குலம் என்று வேர்ப்பக்கம் ஏறுங்கள். விரல் சுலபமாக ஓடின பிறகுதான் அகலப்பல் சீப்பு. அப்போதும் மற்றக் கையால் முடியை நடுவில் இறுக்கிப் பிடித்தால், இழுவை தலைத்தோலுக்குப் போகாது.

தாந்தி எனக்கு இதைக் காதால் பழக்கினார். மற்றப் பக்கம் திரும்பி நின்று யாரோடோ கதைத்துக்கொண்டிருப்பார், நான் இங்கே சீப்புப் போடுவேன். ‘சளக், சளக்’ என்று ஈரச் சத்தம் வரும்வரை பேசாமல் இருப்பார். ஒரு ‘கிறிச்’ கேட்டால் போதும், திரும்பாமலே கையை உயர்த்துவார். நிறுத்து, தண்ணீர் போடு என்று அர்த்தம். கிறிச் என்பது முடி முறிகிற சத்தம். நீங்களும் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கழுவின பிறகு ஒவ்வொரு பங்கையும் சின்னச் சின்னக் கொத்தாக்கி, இரண்டு இழையாகக் கயிறு திரிப்பது போல முறுக்கி விடுங்கள். இறுக்க வேண்டாம். ஒரு கிழமைக்கு அப்படியே கிடக்கலாம். காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், சீப்பே வேண்டாம். இரவில் பருத்தித் தலையணை உறை முடியின் ஈரத்தைக் குடித்துவிடும். புறக்கோட்டை கெய்சர் வீதியில் சாட்டின் துணி அரை யார் வாங்கி, ஓரத்தில் இலாஸ்டிக் வைத்து ஒரு தொப்பி தைத்துப் போடுங்கள். படுக்கும்போது இருக்கும், விடியக் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். அதனால் தலையணைக்கும் ஒரு சாட்டின் உறை தைத்துவிடுங்கள்.

இப்போது அந்தச் சொல். அரபியின் ‘காஃபிர்’ போர்த்துக்கேயர் வாயில் ‘காஃப்ரெ’ ஆகி, எங்களிடம் வந்து காப்பிரி, காப்பிலி ஆனது. புத்தளம் சிறாம்பியடியில் அந்தப் பரம்பரையினர் இன்னும் இருக்கிறார்கள். ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்த ஆபிரிக்கரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் தங்களைச் சொல்லும்போது அது சமூகத்தின் பெயர். உங்கள் பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சுளித்துச் சொல்லும்போது அது வசவு. லாச்சப்பலில் நானும் அதைக் கூசாமல் சொன்னவள்தான். ஒருநாள் என் சிநேகிதி கடைக்கு வந்து தமிழில் கதைத்துவிட்டுப் போன பிறகு, தாந்தி கேட்டார்: “எங்களைப் பார்த்தால் நீங்கள் சொல்கிறீர்களே ஒரு சொல், அது என்ன?” வாடிக்கையாளர் என்று அர்த்தம் என்றேன். அவர் நம்பவில்லை. அன்று முழுக்க என்னைப் பின்னல் போட விடவில்லை, துடைப்பம்தான்.

பேத்திக்கு “அது கூடாத சொல், அந்த மாமிக்குத் தெரியவில்லை. உனக்கு அப்பாவின் முடி” என்று சொல்லுங்கள். அப்பாவின் படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது. மாமிக்குச் சொல்வதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்.

சுருள் முடிக்குச் சீயாக்காய் போடலாமா அக்கா? — கொட்டாஞ்சேனை வாசகி

வேண்டாம். தூள் சுருளுக்குள் புகுந்தால் மூன்று நாளைக்கு உதிரும், முடியும் காயும். செவ்வரத்தம் இலையைக் கசக்கி, வருகிற வழுவழுப்பைத் துணியில் வடித்துப் பூசிச் சிக்கு எடுங்கள். வடிக்காமல் பூசிவிட்டு எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

அக்கா, பொய்முடி சேர்த்துப் போடுகிற பொடிப் பின்னலை மூன்று மாதம் வைக்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஏழாம் கிழமையே நெற்றி ஓரத்தில் பரு மாதிரி வந்து, நோகிறது. — 24 வயது, தெகிவளை

பிழை என்னுடையது தங்கச்சி. மூன்று மாதம் என்று எழுதியிருக்கக் கூடாது. ஆறு, மிஞ்சினால் எட்டுக் கிழமை. கொழும்பு வியர்வைக்கு நான் ஆறைத்தான் சொல்வேன். இந்தப் பதிலை வாசித்து முடித்ததும் கழற்றத் தொடங்குங்கள், முன்வரிசையிலிருந்து.

நெற்றி ஓரத்துப் பரு என்றால் வேர் இழுபடுகிறது என்று அர்த்தம். பின்னல் போட்ட அன்று புருவம் மேலே ஏறின மாதிரி இருந்ததா? தலையணையில் தலை வைக்க முடியவில்லையா? அப்போதே இறுக்கம் கூடிப்போயிற்று. ‘அழகென்றால் கொஞ்சம் நோகத்தான் செய்யும்’ என்று பின்னல் போடுகிறவர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். இழுவையால் கொட்டின முடி, ஆரம்பத்திலேயே விட்டால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்காக இழுத்து வேர் தழும்பாகிவிட்டால் முளைக்காது. பரு ஆறாவிட்டால் தோல் டொக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை பின்னல் கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும், ஓர முடியை வெளியே விடச் சொல்லுங்கள். பொய்முடியில் இருக்கிற பூச்சு சிலருக்குக் கடிக்கும். போடுவதற்கு முதல்நாள் வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவிட்டு, அலசிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். தாந்தியின் கடையில் அந்த வாளி எப்போதும் வாசலிலேயே இருக்கும். வெளிநாட்டு அச்சாறுக் கடை என்று நினைத்துத்தான் முதல்நாள் உள்ளே போனேன்.

எனக்கு இறுக்கமான சுருள் முடி. ஆவணியில் கலியாணம். ‘நேராக்கினால்தான் பின்னல் போட்டுப் பூ வைக்கலாம்’ என்று வரப்போகும் மாமியார் ரீபாண்டிங் செய்யச் சொல்கிறார். — மணப்பெண், பம்பலப்பிட்டி

என் கடையிலும் ரீபாண்டிங் செய்கிறோம். கடை வாடகையில் பாதி அதில்தான் வருகிறது. இருந்தும் சொல்கிறேன், ஒரு நாள் கூத்துக்காகச் செய்யாதீர்கள்.

அந்த மருந்து முடிக்குள்ளே இருக்கிற பிணைப்புகளை உடைத்து, நேராகப் படிய வைக்கிறது. பிணைப்பு உடைந்த முடி பழையபடி சுருளாது. ஆனால் வேரிலிருந்து வருவது சுருளாகத்தான் வரும். பாதி நேர், பாதி சுருள், சந்திக்கிற இடத்தில் முறியும். கடைசியில் வெட்டுவதைத் தவிர வழியில்லை. ஆபிரிக்கப் பெண்கள் போடுகிற ரிலாக்சர் இன்னும் காரம். பலதில் இருப்பது சோடியம் ஹைட்ரொக்சைட், குழாய் அடைப்பு எடுக்கிற அதே காரம். அமெரிக்காவில் 33,000க்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முடி நேராக்கும் மருந்துகளை வருடத்தில் நாலு தடவைக்கு மேல் பாவித்தவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அது அறுதியிட்டுச் சொல்லவில்லை. எனக்குக் கையுறையை மாற்றி, ஜன்னலைத் திறந்து வைக்க அது போதுமாக இருந்தது.

சரி, மாமியாருக்கு என்ன சொல்வது? அவருடைய கலியாணப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். இடுப்பு வரை தொங்குகிற பின்னலில் எத்தனை முழம் சவுரி என்று மெதுவாகக் கேளுங்கள். நேர் முடிக்காரிக்கும் சவுரி வைத்துத்தானே பின்னுகிறோம்? உங்கள் முடியை நன்றாக ஈரப்படுத்தி, பின்னுக்கு இழுத்துக் கொண்டை போட்டு, அதில் சவுரியைக் கோர்த்தால் பூவும் நிற்கும், ஜடைநாகமும் நிற்கும். வழுவழு முடியை விடச் சுருளில்தான் ஊசி இறுகப் பிடிக்கும். ஆவணிக்கு முன் ஒருநாள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.

மகன் தலையோடு ஒட்டினாற்போல் வரிப் பின்னல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். ஆம்பிளைப் பிள்ளைக்கு இது தேவையா? — ஒரு தகப்பன், வத்தளை

ஐயா, பிரான்சில் விமானப் பணியாளர் ஒருவர் இதே பின்னலுக்காகக் கம்பனியோடு வழக்காடினார். பெண் பணியாளருக்கு அனுமதித்த பின்னலை ஆணுக்கு மறுப்பது பாகுபாடு என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்த்தது. மகனுடைய முதலாளியே பேசாமல் இருக்கிறார் என்றால் நீங்கள் ஏன்? ஞாயிற்றுக்கிழமை தலையைக் கழுவுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

லண்டனில் இருந்து அண்ணி கொண்டுவந்த கிரீம் அங்கே அருமையாம். இங்கே பூசினால் அரை மணித்தியாலத்தில் முடி பஞ்சு மாதிரி ஊதுகிறது. போலியா? — கல்கிசை வாசகி

போலியில்லை. போத்தலைத் திருப்பிப் பாருங்கள், சேர்மானங்களில் முதல் நாலைந்துக்குள் கிளிசரின் இருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற சாமான். கடற்கரைப் பக்கம் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? இழுத்து இழுத்து முடி ஊதிவிடும். இங்கே கிளிசரின் குறைந்த கிரீமாகப் பாருங்கள். அதை வீச வேண்டாம், நாள் முழுக்க ஏசிக்குள் இருக்கிற வங்கிக்காரச் சிநேகிதி யாருக்காவது சுருள் முடி இருந்தால் கொடுத்துவிடுங்கள். அண்ணி கேட்டால் முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.