கடையில் நின்றபடியே ஒரு நூலைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: வரலாறு, அறிவியல், தன்வரலாறு ஆகிய துறைகளில் பொதுவாசகருக்கான நூல்களை வாங்கிச் சேர்க்க விரும்புகிறேன். உண்மையும் கட்டுக்கதையும் ஒரே நூலில் கலந்து வருகின்றன. துறைப் பயிற்சி இல்லாத நான் நம்பகமான நூலை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: அட்டையையும் அணிந்துரையையும் விட்டுவிட்டு, நூலின் கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டுங்கள். அங்கே குறிப்புகளும் சான்று நூற்பட்டியலும் இருந்தால், ‘இது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு விடை கிடைக்க வாய்ப்புண்டு. சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியல்) இல்லை என்பதற்காக மட்டும் ஒரு நூலை ஒதுக்க வேண்டாம். தமிழில் நல்ல நூல்கள் பலவற்றிலும் அது இருப்பதில்லை.

அடுத்து, உங்களுக்கு ஓரளவு தெரிந்த ஒரு செய்தியைத் தேடிப் படியுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதியிருந்தால், நூலை அங்கேயே வைத்துவிடலாம். காலையிலோ மாலையிலோ அந்த வளாகத்தில் நிற்கும் எவரும் நிழலைக் காண முடியும். மாறாக, விமான உச்சியில் வைப்பதற்கான செப்புக்குடத்தை இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் அளித்தான் என்று எழுதி, அக்கல்வெட்டு ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருப்பதையும் சுட்டுபவர், தம்மைச் சரிபார்க்கும் வழியை உங்கள் கையிலேயே தந்துவிடுகிறார். கோயிலுக்கு நாம் சொல்லும் 1010 என்ற ஆண்டு கல்வெட்டில் அப்படியே பொறிக்கப்பட்டதன்று, ஆட்சியாண்டைக் கொண்டு கணிக்கப்பட்டது என்று ஒரு வரியேனும் விளக்கியிருந்தால், தயங்காமல் வாங்கலாம்.

அறிவியல் நூலில் முதற்பதிப்பு ஆண்டே முக்கியம். மறுஅச்சு ஆண்டு ஏமாற்றும். புளூட்டோ 2006-இல் குறுங்கோள் ஆனதையும், முன்பு ஏறத்தாழ ஒரு லட்சம் என்று கருதப்பட்ட மனித மரபணுக்கள், புரதம் உருவாக்குவதற்கானவற்றை மட்டும் கணக்கிட்டால், சுமார் 20,000 மட்டுமே என்பதையும் நூல் அறிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாழ்வனுபவ நூல்களில், நிகழ்ச்சிக்கும் எழுதியதற்கும் இடையே எத்தனை காலம் சென்றது என்று கேட்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் புதுச்சேரி நடப்புகளை அவ்வப்போதே நாட்குறிப்பாக எழுதினார். உ.வே.சாமிநாதையரோ, தம்மைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பிய சேலம் இராமசாமி முதலியாரை 1880-இல் சந்தித்ததை 1940-களை ஒட்டி, எண்பது வயதைக் கடந்த பிறகு எழுதினார். முன்னதில் அன்றைய வதந்தியும் பதிவாகியிருக்கும். பின்னதில் நிகழ்ச்சிகள் பின்னாளைய வெற்றியின் வெளிச்சத்தில் கோக்கப்பட்டிருக்கும். இரண்டும் வாங்கத் தக்கவையே, படிக்கும் முறைதான் வேறு.

மொழிபெயர்ப்பு என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: பக்கத்தைக் குறைப்பதற்காக மூல நூலின் குறிப்புகளை நீக்கிவிடும் பதிப்புகளும் உண்டு. அப்படிப்பட்டதை விலைக்கு வாங்காமல், நூலகத்தில் எடுத்துப் படிப்பதே போதும்.