அப்புச்சி எப்போது கிழவன் ஆனார்?

கேள்வி: பத்து வயதுப் பையன் தன் அப்புச்சியோடு ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போய்வருவதைச் சிறுகதையாக எழுதினேன். ‘பார்வைக் கோணம் நழுவுகிறது’ என்று ஒரு பத்திரிகையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘நான்’ என்று மாற்றி எழுதினால் சரியாகிவிடுமா?
ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் அனுப்பிய கதையை இரண்டு முறை படித்துவிட்டேன், கோளாறு அங்கே இல்லை. கதையைச் சொல்வது யார் என்பது ஒன்று, யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது வேறொன்று. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ படர்க்கையில் எழுதப்பட்ட நாவல்தான், ஆனால் ஆடு மேய்க்கும் கூளையன் பக்கத்திலேயே நின்றுதான் அந்தக் காட்டைப் பார்க்கிறோம்.

உங்கள் முதல் பக்கம் முழுக்க ‘அப்புச்சி’. அந்த ஒரு சொல்லிலேயே பேரன் வந்து நின்றுவிட்டான், அம்மாவைப் பெற்றவரை வேறு யார் அப்படிக் கூப்பிடப் போகிறார்கள்? அப்புறம் மண்டியில் வியாபாரி விரலி மஞ்சளை ஒடித்துப் பார்க்கிற இடத்தில், ‘கிழவன் சரியாகக் காயவைக்காமல் கொண்டுவந்துவிட்டான், விலையைக் குறைத்தாலும் கொடுத்துவிட்டுத்தான் போவான் என்று கணக்குப் போட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புச்சி எப்போது கிழவன் ஆனார்? அந்த வரியில் பையன் காணாமல் போய்விட்டான், வியாபாரி மண்டைக்குள் நாம் இருக்கிறோம். தமிழில் இதை மறைக்கவே முடியாதுங்க, முறைச்சொல்லும் ‘வந்தார்’, ‘வந்தான்’ என்கிற விகுதியும் பார்ப்பது யார் என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பையனுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து அதே இடத்தை எழுதிப் பார்த்தேன்:

‘ஏவாரி ஒரு விரலியை எடுத்து ஒடித்தார். உள்ளே நகத்தால் கீறினார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். அப்புச்சி ஒடிந்த இரண்டு துண்டையும் பொறுக்கி மூட்டைக்குள்ளேயே போட்டார்.’

கணக்கு, ஈரம், விலை எதுவும் பையனுக்குப் புரியவில்லை, படிக்கிறவருக்குப் புரிந்துவிடுகிறது. உங்கள் கதையின் உயிரே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது, அதைத்தான் அந்த ஒரு வரி மூடிவிட்டது. ‘நான்’ என்று எழுதினால் இன்னொரு சிக்கலும் வரும், வளர்ந்து பெரியவனான ‘நான்’ எல்லாம் தெரிந்தவனாக உள்ளே புகுந்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவான்.

எல்லார் மனதுக்குள்ளும் போகவே கூடாதா என்றால், தாராளமாகப் போகலாம். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவர் பொன்னர் மனதுக்குள்ளும் போவார், எதிரி மனதுக்குள்ளும் போவார், ஆனால் எல்லாம் அறிந்தவராகத்தான் தொடக்கத்திலேயே நம் முன்னால் வந்து உட்காருகிறார். நீங்களோ ஒரு பக்கம் முழுக்கப் பையன் கையைப் பிடித்து எங்களைக் கூட்டிப்போய்விட்டுப் பாதியில் விட்டுவிட்டீர்கள். வியாபாரி மனது வேண்டுமென்றால் இடைவெளி விட்டு அவருக்கென்று தனிப் பகுதி கொடுங்கள், அங்கே கிழவன் என்றே வரட்டும்.

கதையை அச்செடுத்து, அந்தப் பெரியவரைக் குறிக்கிற சொல் ஒவ்வொன்றையும் வட்டம் போட்டுப் பாருங்கள். சொல் மாறுகிற இடத்தில் கண் மாறியிருக்கும். கடைசிப் பத்தியில் திரும்பி வருகிற பஸ்ஸில் ‘அவன் முகம் வாடியிருந்தது’ என்று வருகிறதே, தன் முகத்தை அவன் எங்கே பார்த்தான்? இருட்டிய பிறகு ஜன்னல் கண்ணாடியில் பார்த்தான் என்றால் அந்த வரி இருக்கட்டும்.