படத்தில் பூத்த மக்னோலியா வாசலில் ஏன் பூக்கவில்லை?

காரிமங்கலத்துக்கு அருகிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஊருக்குள் வந்த செடி வண்டியில் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு மக்னோலியாக் கன்றை வாங்கி வீட்டுத் தோட்டத்தில் நட்டிருக்கிறார். வியாபாரி கைப்பேசியில் காட்டிய படத்தில் ஓர் இலைகூட இல்லாத கிளைகள் முழுவதும் இளஞ்சிவப்புப் பூக்களாக இருந்தனவாம். வரும் மாசியில் இதுவும் அப்படியே பூக்கும் என்று உறுதி சொல்லியிருக்கிறார். மாசியும் பங்குனியும் போயின. இலை உதிரவில்லை, மொட்டு வரவில்லை, சித்திரையிலிருந்து இலை ஓரங்கள் கருகத் தொடங்கிவிட்டன. தொலைபேசியில் கேட்டபோது, வேரில் பனிக்கட்டி போடும்படியும், தான் தரும் ‘பூ மருந்தை’ 600 ரூபாய்க்கு வாங்கி ஊற்றும்படியும் அதே வியாபாரி சொல்கிறார். வாங்கலாமா என்பதே வாசகியின் கேள்வி.

வாங்க வேண்டாம். உங்கள் செடிக்குக் குறைவது மருந்து அன்று, குளிர். அதை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் சூலாஞ்சியானா எனப்படும் கலப்பின மக்னோலியாவாக இருக்கும். சீனாவைச் சேர்ந்த இரண்டு மக்னோலியா இனங்களைப் பிரான்சில் பாரிஸ் அருகே சூலாஞ்ச் போடான் என்பவர் 1820இல் கலந்து உருவாக்கியது அது. இந்த வகை மரங்கள் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளைக் கோடையிலேயே கிளை நுனியில் கட்டிவிடும். பிறகு இலையை உதிர்த்து, மென்மயிர் போர்த்திய அந்த மொட்டுகளோடு குளிர்காலம் முழுவதும் உறங்கும். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழான குளிரைப் பல நூறு மணி நேரம் உணர்ந்த பிறகே, குளிர்காலம் முடிந்துவிட்டது என்று மொட்டுக்குத் தெரியும். அதன் பிறகு வரும் இளவெயிலில் இலைக்கு முன் பூ விரியும். தருமபுரிச் சமவெளியில் மார்கழி விடியலில்கூட 15, 16 டிகிரிதான் இருக்கும். பகலிலோ 28ஐத் தொட்டுவிடும். உறங்கவே முடியாத மரம் எதிலிருந்து விழித்துப் பூப்பது?

வேரில் பனிக்கட்டி கொட்டுவதால் பயனில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். குளிரை உணர வேண்டியது கிளை நுனியில் இருக்கும் மொட்டு. மண்ணைச் சிறிது நேரம் குளிர வைத்தால் மெல்லிய வேர்கள் அடிபடுமே தவிர மொட்டுக்குச் சேதி போகாது. ‘பூ மருந்து’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் நம் மாந்தோப்புகளில் வேரைச் சுற்றி ஊற்றும் பேக்லோபூட்ரசால்தான். மாமரத்தில் அது துளிர்க்கும் வேகத்தை அடக்கிப் பூக்கச் செய்கிறது, அது உண்மை. ஆனால் குளிரின் வேலையை அது செய்யாது. மண்ணிலோ நீண்ட காலம் தங்கி, ஏற்கெனவே நலிந்திருக்கும் கன்றின் வளர்ச்சியை இன்னும் ஒடுக்கும். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் செய்வதைப் போல மழைக்காலத்துக்குப் பின் கவாத்து செய்துவிடவும் வேண்டாம். மக்னோலியாவில் மொட்டு இருப்பதே நுனியில் என்பதால், அப்போது வெட்டுவது வர இருந்த பூவை வெட்டுவதாகும்.

இனி, உங்களிடம் இருப்பது மக்னோலியாதானா என்று நீங்களே பாருங்கள். ஒவ்வோர் இலைக்காம்பும் கிளையோடு சேரும் இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் அணிவித்தது போல ஒரு மெல்லிய கோடு முழுவட்டமாக ஓடுகிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அந்தக் கோடு இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது மக்னோலியா அன்று. கோடு இருந்து, இலை நடுவில் அகன்று நீண்ட கூர்முனையோடு முடிந்தால் அது நம் செண்பகம். செண்பகமும் மக்னோலியாக் குடும்பமே, ஆகவே வியாபாரி பெயரளவில் பொய் சொல்லவில்லை என்று வாதாடக்கூட இடம் இருக்கிறது. நுனிப்பக்கம் அகன்று காம்புப்பக்கம் குறுகிய இலையாக இருந்தால் படத்தில் உள்ள வகையாக இருக்கலாம். கோடு இல்லாமல், இலை நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் மந்தாரை. ஒட்டுக் கட்டிய செடியாக இருந்தால், ஒட்டுக்குக் கீழிருந்து கிளைத்த தண்டே மேல்செடியை அழுத்திவிட்டு வளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

விதை வியாபாரம் இதைவிட மோசம். நீல மக்னோலியா, வானவில் மக்னோலியா என்று இணையத்தில் பொட்டலம் விற்கிறார்கள். நீல நிறத்தில் பூக்கும் மக்னோலியா உலகிலேயே இல்லை. மக்னோலியா விதை உலர்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும்; ஈரம் காயாத விதையைக்கூட மூன்று மாதம் போல ஈரக்குளிரில் வைத்த பிறகே விதைக்க வேண்டும்; முளைத்த கன்று பூக்கப் பத்து ஆண்டும் ஆகலாம், மேலும் ஆகலாம். உலர்ந்த விதையைப் பொட்டலத்தில் அனுப்பி அடுத்த வருடம் பூக்கும் என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இலை ஓரம் கருகுவதற்குக் காரணம் தண்ணீரும் வெயிலும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் நிலத்தடி நீரின் தரம் நாடறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நீரில் உள்ள ஃபுளோரைடால்தான். மக்னோலியா சற்றே புளித்தன்மையுள்ள, நீர் தேங்காத மண்ணை விரும்புவது. போர் தண்ணீர் ஊற்றும் இடத்தில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சுக்காங்கல் கலந்த மண்ணாக இருந்தால் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டியதும் நுரைத்துப் பொங்கும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்காது, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை மாறும். கூரை நீரைத் தொட்டியில் பிடித்து ஊற்றுங்கள். அடியில் காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள். பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். வேர் சதைப்பற்றானது, சுற்றிக் கொத்த வேண்டாம். இவ்வளவும் செய்தால் செடி பிழைக்கும். பூக்கும் என்று நான் சொல்லவில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைக் காட்டித்தான் வியாபாரிகள் எல்லோருக்கும் விற்கிறார்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே குளிர் கூடுதல், வெயில் குறைவு. தளியில் தோட்டம் வைத்திருப்பவர், கருஞ்சிவப்பாகப் பூக்கும் லிலிஃபுளோரா போன்ற சிறிய வகையை, பூவோடு கண்ணால் பார்த்து வாங்கி, செம்மண்ணும் மக்கிய இலையுரமும் நிரப்பிய பெரிய தொட்டியில், வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த இடத்தில் வைத்து முயலலாம். அங்கும் படத்தில் உள்ளதைப் போலக் கிளை நிறையப் பூக்காது. சில பூக்கள் இலைகளுக்கிடையே ஒழுங்கற்றுப் பூத்தாலே பெரிது. தளிக்குப் பொருந்தும் இந்தச் சொல் ஓசூர் நகரத்துச் சிமெண்டு மாடிக்குப் பொருந்தாது. இராயக்கோட்டையிலிருந்து கீழே இறங்கிவிட்டால் பொருந்தவே பொருந்தாது. காரிமங்கலம் கீழேதான் இருக்கிறது.

இலையில்லாத கிளையில் பூ வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், பனிக்காலத்தில் இலை கொட்டி மாசி, பங்குனியில் பூக்கும் மந்தாரையை வையுங்கள். மணம் வேண்டுமென்றால் ஒட்டுச் செண்பகம். இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும்.

பணத்தைப் பற்றி: 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் அரசு அறிவிக்கை செய்த ரகங்களின் விதைகளுக்கே கட்டுப்பாடு விதிக்கிறது. வீதியில் வரும் அலங்காரச் செடியின் பெயர் உண்மையா, இந்த ஊரில் அது வளருமா என்று விற்பனைக்கு முன் சோதிக்க ஆள் இல்லை. மாங்கன்றுக்கும் தக்காளி நாற்றுக்கும் இருக்கும் அக்கறையில் ஒரு பங்கு இதற்கும் இருந்தால், ஆடி தோறும் இத்தனை குடும்பங்கள் ஏமாற வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் இதைச் சொல்லியும் அசைவு இல்லை என்பதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. உங்களுக்கு இருக்கும் வழி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ரசீது இல்லாவிட்டாலும் வியாபாரி அனுப்பிய படம், பணம் அனுப்பிய பதிவு, ‘மாசியில் பூக்கும்’ என்ற வாட்ஸப் செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். முதலில் பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். 5 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் வாங்கியது போன ஆடி என்பதால் நாள் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.