ஓரெசுண்ட் பாலத்தின் எந்தக் கரையில் படிக்கலாம்?

தம்பி, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம், டென்மார்க்கின் டிடியு என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் மெட்டீரியல்ஸ் (பொருளறிவியல்) முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, கோபன்ஹேகனிலிருந்து ஓரெசுண்ட் பாலம் தாண்டியதும் வரும் ஸ்வீடன் நகரமான மால்மோவில் வாடகை குறைவு என்பதால் அங்கே தங்கிக்கொண்டு டிடியுவுக்குப் போய்வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. டென்மார்க் மாணவர் அனுமதி டென்மார்க்கில் குடியிருப்பதற்கு மட்டும்தான். அதை வைத்து ஸ்வீடனுக்கு வந்துபோகலாம், 180 நாளில் 90 நாள் வரை. வீடெடுத்துத் தங்க முடியாது. தினமும் மால்மோவில் ரயிலேறி கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது நம் பாஸ்போர்ட் இல்லை, ஐரோப்பிய நாட்டு பாஸ்போர்ட்.

இது எனக்கும் பட்டுத்தான் தெரிந்தது. லுண்டில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அக்கரையில் ஓர் ஆய்வகத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது, எல்லாம் பேசி முடித்த பிறகுதான் ஸ்வீடன் அனுமதியை வைத்து டென்மார்க்கில் வேலை செய்ய முடியாது என்று சொன்னார்கள். ரொம்ப நாள் மனசு ஆறவில்லை.

சரி, எங்கே சேர்வது? உங்கள் பாடத்துக்கு நான் லுண்ட் என்றுதான் சொல்வேன். 2016இல் திறந்த மேக்ஸ் 4 என்ற எக்ஸ்ரே ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது, 528 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்களை ஓடவிட்டு அதிலிருந்து வரும் எக்ஸ்ரேயால் பொருள்களின் உள்ளமைப்பைப் பார்க்கிறார்கள். அதன் பக்கத்திலேயே இ.எஸ்.எஸ். என்ற ஐரோப்பிய நியூட்ரான் ஆய்வு நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேக்குச் சரியாகப் பிடிபடாத ஹைட்ரஜன், லித்தியம் போன்ற லேசான அணுக்களை நியூட்ரான் காட்டிக்கொடுக்கும், அதனால் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பெரிய வரம். லுண்ட் ரயில் நிலையத்திலிருந்து டிராம் ஏறினால் அந்த வாசலில் இறங்கலாம்.

அதற்காக டிடியுவில் சேர்ந்தால் இதெல்லாம் கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள். இ.எஸ்.எஸ். பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்துவது, ஸ்வீடனும் டென்மார்க்கும் அதற்கு இடம் கொடுத்திருக்கின்றன, அதன் தரவு மையம் டென்மார்க் பக்கம் இருக்கிறது. மேக்ஸ் 4க்குள்ளேயே டான்மேக்ஸ் என்று டென்மார்க்காரர்கள் அமைத்த கதிர்த்தடமும் (வளையத்திலிருந்து எக்ஸ்ரேயைச் சோதனை இடத்துக்குக் கொண்டுவரும் பாதை) உண்டு, டேனிஷ் ஆய்வுக் குழுக்கள் சோதனைக்காகப் பாலம் தாண்டி வந்துபோவார்கள். 2000இல் பாலம் திறந்ததன் உண்மையான பலன் இதுதான் என்பேன்: ஆய்வகங்கள் ஒன்றாகிவிட்டன, குடியேற்ற அலுவலகங்கள் இரண்டாகவே இருக்கின்றன.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் நமக்குக் கட்டணம் உண்டு, உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கி வருவதாக இருந்தால் வீட்டில் நன்றாகப் பேசிவிட்டு வாருங்கள். பிஎச்டி அப்படி இல்லை. இரு நாட்டிலும் அது சம்பள வேலை, ஸ்வீடனில் பொதுவாக நான்கு வருடம், டென்மார்க்கில் மூன்று.

அப்புறம், கோபன்ஹேகனுக்குச் சும்மா சுற்றிப்பார்க்கப் போனாலும் பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் பையில் இருக்கட்டும், திரும்பும் ரயிலில் சோதனை வரலாம். லுண்ட் என்று முடிவு செய்தால் பல்கலைக்கழக விடுதி விண்ணப்பத்தை முதல் வேலையாகப் போட்டுவிடுங்கள், ஆகஸ்டில் வந்து இறங்கிய பிறகு அறை தேடுவது ரொம்பக் கஷ்டம்.