ஓநாய் ஷெரீப்பும் மூன்று முறை விவாகரத்தான ராஜகுமாரனும்

வாடகை நூல் நிலையக்காரர் பதில்கள்

சென்ற இதழில் ‘ஃபேபிள்ஸ்’ என்ற அமெரிக்கக் காமிக்ஸைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருந்தீர்கள், அய்யா. ஸ்நோ ஒயிட், சிண்ட்ரெல்லா எல்லாம் சிறு பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை. நரைத்த தலைக்கு அதில் என்ன இருக்கிறது?
– வாசகி, பாலக்கோடு

விவாகரத்து இருக்கிறது, அம்மா. ஸ்நோ ஒயிட், தூங்கும் அழகி, சிண்ட்ரெல்லா ஆகிய மூன்று கதைகளிலும் கடைசியில் ஒரு ராஜகுமாரன் வந்து கல்யாணம் செய்துகொள்கிறான். அவன் எப்படிப்பட்டவன் என்று பெண் வீட்டார் யாரும் விசாரிக்கவில்லை. கதாசிரியர் பில் வில்லிங்ஹாம் விசாரித்தார். மூன்றிலும் வருபவன் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டார். அப்படியானால் அவன் மூன்று முறை மணந்து மூன்று முறையும் பிரிந்தவன் அல்லவா? கையில் காசில்லாமல் நியூயார்க் வந்து சேர்கிறான். தன் பட்டத்தையும், எப்போதோ பறிபோன நிலங்களையும் லாட்டரிச் சீட்டுப் போட்டு விற்கப் பார்க்கிறான். முதல் மனைவி ஸ்நோ ஒயிட் அங்கே கதை மாந்தர்களின் ரகசியக் குடியிருப்புக்குத் துணை மேயர். இதைப் படித்துச் சிரிக்காதவருக்கு நான் புத்தகம் வாடகைக்குத் தர மாட்டேன். (கடையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.)

இந்தக் கதை மாந்தரெல்லாம் நியூயார்க்குக்கு ஏன் வந்தார்கள் என்றால், ‘எதிரி’ என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவன் படையெடுத்து அவர்களுடைய நாடுகளைப் பிடித்துக்கொண்டான். தப்பியவர்கள் நம் உலகுக்கு ஓடிவந்து, மனிதர்களுக்கு நடுவே தாங்கள் யார் என்று காட்டிக்கொள்ளாமல் குடியிருக்கிறார்கள். பாட்டியை விழுங்கிய ஓநாய் அங்கே மனித உருவில் கோட்டு மாட்டிக்கொண்டு ஷெரீப், அதாவது காவல் தலைவர், வேலை பார்க்கிறான். தொடர் 2002இல் தொடங்கி 2015இல் 150ஆம் இதழோடு முடிந்தது. 2022இல் மறுபடியும் ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் போனார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கதையை இஷ்டத்துக்கு மாற்றுவது மூலத்துக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

உங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் கர்ண மோட்சம் கூத்துப் பார்த்திருப்பீர்கள். கர்ணனின் பிறப்பைச் சொல்லி ஏளனம் செய்கிற அவன் மனைவி பொன்னுருவி வியாச பாரதத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள்? தேடினாலும் கிடைக்க மாட்டாள். ஆனாலும் போருக்குப் புறப்படுகிற கர்ணனும் அவளும் தர்க்கம் செய்யும் கட்டம் வந்தால், பாயை விரித்துப் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்காருகிறார்கள். வியாசரை அவமதித்துவிட்டோம் என்று யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போவதில்லை.

அந்த ‘மூலம்’தான் என்ன லட்சணம்? ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் போட்ட முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். தொகுத்தவர்களே கை வைத்திருக்கிறார்கள்! அவர்களுடைய தொகுப்பில் ஸ்நோ ஒயிட் 53ஆம் கதை. ரோஸ் ரெட்டின் சகோதரியாக வேறொரு ஸ்நோ ஒயிட் வருவது 161ஆம் கதை. வில்லிங்ஹாம் இருவரையும் ஒருத்தியாக்கினார். ரோஸ் ரெட் கொலையுண்டாளா என்ற விசாரணையில்தான் தொடரே தொடங்குகிறது. அக்காவின் விவாகரத்தில் தங்கைக்கும் பங்குண்டு. அதற்கு மேல் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள்.

மாற்றலாம், ஆனால் பாத்திரத்தின் குணத்தில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. கோல்டிலாக்ஸைப் பாருங்கள். கரடி வீட்டில் கேட்காமல் நுழைந்து, கஞ்சியைக் குடித்து, நாற்காலியை உடைத்து, கட்டிலில் படுத்துத் தூங்கியவள். மனித உருவமில்லாத கதைப் பிராணிகளை நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே கலகம் வெடிக்கிறபோது, துப்பாக்கியோடு முன்னால் நிற்பவள் இந்தக் கோல்டிலாக்ஸ். பிறர் சொத்து என்று ஒன்று உண்டு என்பதைச் சிறு வயதிலேயே ஒப்புக்கொள்ளாத பெண் வேறு என்னவாக வளர்வாள்?

பத்து வயது மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், கிருஷ்ணகிரி

வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கென்றே டி.சி. காமிக்ஸ் நிறுவனம் நடத்திய வெர்டிகோ பிரிவில் வந்தது இது. ரத்தம் உண்டு, படுக்கையறை உண்டு. வெட்டிய பன்றித் தலையைக் கழியில் செருகி நிற்க வைத்த பக்கமும் உண்டு. மூன்று பன்றிக்குட்டிகளில் ஒன்றுதான் அது. உங்கள் மகனுக்கு மாயாவி கதை வாங்கிக் கொடுங்கள்.

உங்களுக்குப் பிடித்த பாத்திரம் எது? எந்த இதழ்வரை படித்தால் போதும்?
– கல்லூரி மாணவர், பென்னாகரம்

தவளை ராஜகுமாரன். ஆரம்பத்தில் அவன் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலையாள். பழைய பழக்கம் போகாமல் ஈ பிடித்துத் தின்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நாமும் சிரிப்போம். எதிரியின் படை வந்த அன்று அவன் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்பது பின்னால் தெரியவரும்போது, சிரித்ததற்காக நமக்கே கூச்சமாக இருக்கும். அவனும் அதை மறந்துதான் இருந்திருக்கிறான். நினைவு திரும்பியபின் கிளம்புகிறான். பழிவாங்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவனோ எதிரியின் மண்ணிலேயே, அடைக்கலம் தேடுகிறவர்களுக்கு ஒரு நாடு அமைக்கிறான். 60ஆம் இதழிலிருந்து 69வரை பரவிக் கிடக்கும் இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மார்க் பக்கிங்ஹாமின் ஓவியத்தையும் பாருங்கள். பக்கத்தின் இரு ஓரங்களிலும், கதை நடக்கும் இடத்துக்கு ஏற்றபடி அலங்காரப் பட்டை வரைந்திருப்பார். பெரிய பெரிய வீரர்கள் வாய் கிழியப் பேசுகிற பக்கங்களைவிட, இந்த ஓரங்களில்தான் என் கண் அதிக நேரம் நின்றது.

75ஆம் இதழில் போர் முடிகிறது. தம்பி, நீங்களும் அங்கே முடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் நல்ல பக்கங்கள் உண்டு. ஆனால் பெரிய எதிரி போனபின், இன்னொரு பெரிய எதிரியைத் தேடி அலைகிற அலுப்பு தெரிகிறது.

எதிரி யார் என்று மட்டும் சொல்லுங்கள்.
– வாசகர், ஓசூர்

மாட்டேன். உங்களுக்குப் பெங்களூரு கூப்பிடு தூரம். சர்ச் தெருப் புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள்.

இந்தக் கதையைத் தெருக்கூத்தாக ஆட எண்ணுகிறோம். யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?
– கூத்துக் கலைஞர், அரூர்

கேள்விக்கே ஒரு கும்பிடு. 2023இல் வில்லிங்ஹாம், ‘இனி இது எல்லோருக்கும் பொதுச் சொத்து’ என்று அறிவித்துவிட்டார். பதிப்பகமோ, உரிமை தங்களுடையது என்றது. அந்தத் தகராறு நமக்கெதற்கு? கிரிம் கதைகள் எவருக்கும் சொந்தமில்லை. அங்கிருந்து நேரே எடுத்து உங்கள் பாணியில் கட்டுங்கள். ஓநாய்க்குக் கட்டியக்காரனையே போடுங்கள்; பாட்டி வேஷம் கட்டுவதும் அவருக்குப் புதிதில்லை.