பழைய பிரிட்ஜ் கொம்பிரசர் காணுமா?

கேள்வி: ஐயா, கொம்பியூட்டர் சிப்பை ஓவர்குளொக் செய்து, அதாவது அதற்கு விதித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட, பிரிட்ஜைப் போலவே காஸை ஓடவிட்டுக் குளிராக்கும் செட் ஒன்று கட்டப்போகிறேன். வீட்டில் கிடக்கும் பழைய பிரிட்ஜின் கொம்பிரசர் காணுமா?
- மாணவன், கொக்குவில்

பதில்: காணாது தம்பி. நானும் அப்படித்தான் தொடங்கினேன். சும்மா நிற்கும்போது சிப்பின் மேல் வைத்த செப்புக் கட்டி மைனஸ் 28 காட்டியது. மகன் கேம் ஒன்றைப் போட்டான். பத்து நிமிடத்தில் பிளஸ் 10ஐத் தாண்டிவிட்டது.

பிரிட்ஜ் கொம்பிரசருக்கு அவசரமில்லாத வேலை. மைனஸ் 23 பாகையில் அது இழுப்பது ஏறத்தாழ 100, 150 வோட் வெப்பம்தான். ஓவர்குளொக் செய்த சிப் 200, 250 வோட்டை விடாமல் கக்கும். ஆகவே கடையில் எத்தனை குதிரைவலு என்று மட்டும் கேளாமல், எந்தக் குளிரில் எத்தனை வோட் என்று கேளும். குளிர் கூடக்கூட உள்ளே வரும் காஸ் ஐதாகி, இழுவை விழும். 7 பாகையில் 2600 வோட் இழுக்கும் சின்ன ஏசி கொம்பிரசர் மைனஸ் 30இல் அதில் காற்பங்கும் இழுக்காது. அதுவும் சிப்புக்குக் காணும்தான், ஆனால் அந்தக் குளிருக்கென்று செய்ததல்ல, கொதித்துப்போகும். நான் பார்ப்பது ஐஸ்கிறீம் டீப் பிரீசரின் அரைக் குதிரைவலுக் கொம்பிரசர். லேபிளில் எல்.பி.பி. (கடுங்குளிருக்கென்று செய்த வகை), 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கவேண்டும். 60 ஹேர்ட்ஸ் சாமானை மலிவென்று வாங்கினால் இங்கே ஆறிலொரு பங்கு வேகம் குறையும்.

காஸுக்கு ஆர் 290, அதாவது புரொப்பேன். மைனஸ் 42இல் கொதிக்கும். அந்தக் காஸுக்குப் பொருந்தும் கொம்பிரசராகவே எடும். சமையல் சிலிண்டரில் இருந்து ஏற்றலாமே என்று கேட்கவேண்டாம். அதில் பியூட்டேனும் மணமூட்டியும் கலந்திருக்கும். காஸ் ஏற்றியபின் குழாய் ஒட்டும் நெருப்பு ரோச்சுடன் கிட்டப் போகவும் கூடாது.

எங்கள் ஊர்க் காற்றுக்கு 25 பாகைக்குக் கீழே எது போனாலும் வியர்க்கும். முன்பக்கம் போம் சுற்றிய நான், போர்டின் பின்பக்கத்தை மறந்தேன். மூன்றாம் நாள் சிப் பொருந்தும் சொக்கட்டுக்குப் பின்னால் தண்ணீர், பச்சைக் களிம்பு, போர்டும் போயிற்று. காற்றுப் புகாமல் இரண்டு பக்கமும் மூடும்.

கரண்ட் நின்று உடனே வந்தால் கொம்பிரசர் எடுபடாமல் முனகும். உள்ளே அழுத்தம் சமனாக நாலைந்து நிமிடம் வேண்டும். அதற்கு ஒரு டைமர் போட்டு, செப்புக் கட்டி குளிர்ந்த பிறகே கொம்பியூட்டரைப் போடும்.