வெட்டிய அன்றே நடாதீர்கள்

மாடித்தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கள்ளிச் செடி பற்றியவை. மன்னார்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினாறு வருடமாகக் கள்ளி வளர்க்கிறேன். கை பழகியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா சப்பாத்திக்கள்ளி மடல் ஒன்றும், தூண் மாதிரி வளரும் கள்ளியில் ஒரு துண்டும் கொடுத்தார். அன்று மாலையே நல்ல வண்டல் மண்ணில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் இரண்டும் அடியில் கூழாகிவிட்டன. என்ன தவறு செய்தேன்? (மயிலாடுதுறை வாசகி)

நம் ஊர்ப் பழக்கம்தான் காரணம். நாற்றைப் பறித்தால் காயவிடாமல் நட வேண்டும், நட்ட வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நடவு அன்று ஒரு நாற்றுமுடி கரையில் கிடந்தால்கூட என் அப்பா பொறுக்க மாட்டார். கள்ளிக்கு இது நேர் தலைகீழ். உடம்பு முழுக்க நீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி அது. வெட்டிய இடம் பச்சைப் புண். ஈர மண்ணில் இருக்கும் பூஞ்சை அந்தப் புண் வழியாக நுழைந்தால், வெளியே தெரிவதற்குள் உள்ளே அழுகிவிடும்.

அதனால் வெட்டியதும் நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மெல்லிய தண்டுக்கு நான்கு நாள் போதும். கட்டை விரலைவிடப் பருமனான துண்டு என்றால் பத்து நாள், மழைக்காலத்தில் இரண்டு வாரம்கூட ஆகும். வெட்டுவாய் காய்ந்து தோல்போல் இறுகியிருக்க வேண்டும். துண்டைப் படுக்க வைக்காமல் காலி டம்ளரில் நிறுத்தி வையுங்கள், படுத்துக் கிடந்தால் வளைந்துவிடும். நட்ட பிறகும் உடனே தண்ணீர் வேண்டாம். மூன்று நான்கு வாரம் கழித்து லேசாக அசைத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிந்தால் வேர் விட்டாயிற்று என்று அர்த்தம், அப்புறம் ஊற்றலாம்.

அடுத்தது மண். நெல்லுக்குச் சோறு போடும் வண்டல், தொட்டிக்குள் போனால் களியாகி இறுகிவிடும், வேருக்குக் காற்றே போகாது. நான் கலப்பது இது: கொரகொரப்பான மணல் இரண்டு பங்கு, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்த செங்கல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. உமிக்கு நாம் அலைய வேண்டியதில்லை, ரைஸ் மில்லில் கேட்டாலே கிடைக்கும். கறுப்பாகக் கருகியதை மட்டும் வாங்குங்கள், வெளுத்துச் சாம்பலானதில் காரம் அதிகம். எம்-சாண்ட் என்றால் தூசி போகும்வரை அலசிவிடுங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது.

இன்னொன்று. வெட்டும்போது வெள்ளைப் பால் வடிந்ததா? வடிந்தால் அது கேக்டஸ் இல்லை. நம் வேலியோரச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம். கேக்டஸில் முள் ஒரு சின்னப் பஞ்சு மேட்டிலிருந்து கிளம்பும், பால் பொதுவாக வராது. பால்கள்ளியும் துண்டு வைத்தால் வரும். வெட்டியதும் நுனியைத் தண்ணீரில் நனைத்துப் பால் நின்ற பிறகு காயப்போடுங்கள். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கேள்வி: விதையிலிருந்து வளர்க்க ஆசை. ஆன்லைனில் வாங்கிய விதையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. எனக்கு ராசி இல்லையா? (திருவாரூர் வாசகர்)

ராசியெல்லாம் இல்லை. எனக்கும் ஒருமுறை கள்ளி விதை என்று வந்த பொட்டலத்தில் கீரை முளைத்தது. முதல் விதையைப் பழக்கடையில் வாங்குங்கள். டிராகன் பழமும் கள்ளிதான், கொடிக்கள்ளி. ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். ஒரு கரண்டிச் சதையை டீ வடிகட்டியில் போட்டு, குழாய்த் தண்ணீரில் வழவழப்பு போகும்வரை தேய்த்துக் கழுவி, காகிதத்தில் ஒரு நாள் உலர்த்தினால் தயார்.

விதைக்கும் மண்ணைச் சலித்து, ஈரமாக்கி, பழைய இட்லிப் பானையில் அரைமணி நேரம் ஆவியில் வையுங்கள். பூஞ்சையும் களை விதையும் போய்விடும். இந்த வேலையைச் சோம்பலில் விட்ட வருடம் என் நாற்று முழுவதும் ஒரே ராத்திரியில் கருகிச் சாய்ந்தது. ஆறியதும், அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் நிரப்பி, விதையை மேலாகத் தூவுங்கள். மேலே மண் போட்டு மூடாதீர்கள். கள்ளி விதை பெரும்பாலும் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். கண்ணாடி போன்ற பார்சல் டப்பா மூடியால் மூடி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல், டப்பாவைத் தட்டுத் தண்ணீரில் வைத்து அடிவழியாக உறிஞ்ச விடுங்கள்.

மாசி, பங்குனியில் விதைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். முதலில் வருவது தடித்த இரண்டு வித்திலைகள், பார்க்க ஏதோ கொத்தமல்லி போலத்தான் இருக்கும். பயந்து பிடுங்கிவிடாதீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து பூனைமுடி போன்ற முள்ளோடு ஒரு குட்டித் தண்டு தலைதூக்கும். அதைப் பார்க்கவே விதை போட வேண்டும் என்பேன். முளைத்த பிறகு மூடியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். உருண்டைக் கள்ளிகள் இவ்வளவு வேகம் கிடையாது. ஒரு வருடம் ஆனாலும் பட்டாணி அளவுதான் இருக்கும், அதுவரை இடம் மாற்ற வேண்டாம். நாற்று சிவந்தால் வெயில் அதிகம், மெலிந்து நீண்டால் வெளிச்சம் போதவில்லை.

பழம்தான் வேண்டும் என்றால் டிராகனில் தண்டு வைப்பதே சீக்கிரம். பாலைவன ரோஜா என்கிற அடீனியத்துக்கு மட்டும் விதைதான் நல்லது. அடி பருத்து அழகாக வருவது விதைச் செடியில்தான். ஆட்டுக் கொம்பு போன்ற காயை வெடிக்கும் முன்பே நூலால் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் பஞ்சு வைத்த விதை பறந்துவிடும்.

கேள்வி: சிவப்புத் தலை வைத்த கள்ளி வாங்கினேன். அடித்தண்டு அழுகியதால் தலையை வெட்டி, காயவைத்து நட்டேன். வேர் விடவே இல்லை. (பாபநாசம் வாசகி)

விடாது அம்மா. அந்தத் தலையில் பச்சையமே இல்லை, தானாகச் சமைத்துச் சாப்பிட அதற்குத் தெரியாது. ஜப்பானில் 1941-ல் வதனபே என்பவர் வளர்த்த ஆயிரக்கணக்கான நாற்றுகளில் இரண்டு மட்டும் இப்படிச் சிவப்பாக வந்தன. அவற்றைப் பச்சைக் கள்ளி மேல் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றினார். கீழே இருக்கும் முக்கோணத் தண்டு டிராகன் பழக்கொடியின் இனம். தலை இன்னும் கெட்டியாக இருந்தால், டிராகன் தண்டை நான்கு விரல் உயரத்தில் சமமாக வெட்டி, தலையின் அடியையும் புதிதாகச் சீவுங்கள். இரண்டின் நடுவிலும் தெரியும் வளையங்கள் ஓரிடத்திலாவது ஒன்றன்மேல் ஒன்று படும்படி உடனே வைத்து, ரப்பர் பேண்டால் கட்டுங்கள். இது ஒன்றுக்குத்தான் காயவிடக் கூடாது.

கேள்வி: தொட்டி மண் மேல் வெள்ளையாகப் பூக்கிறது. (நாகப்பட்டினம் வாசகர்)

போர் தண்ணீரின் உப்பு. மேல்மண்ணைச் சுரண்டிவிட்டுப் புதுக் கலவை போடுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

கேள்வி: முள் செடி வீட்டுக்கு ஆகாது என்கிறார் என் மாமியார். (தஞ்சாவூர் வாசகி)

பெரியவர் மனம் நோக வேண்டாம், முள் இல்லாததில் தொடங்குங்கள். ரணகள்ளி இலை ஒன்றை மண்மேல் வையுங்கள். கட்டிப்போட்டால் குட்டி போடும் என்று அவருக்கே அந்தப் பெயர் தெரிந்திருக்கும். இலை ஓரமெல்லாம் குட்டி வரும்போது பார்க்க அவரையும் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வது? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே மழை படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். 2018-ல் கஜா வருகிறது என்றதும் நாற்பது தொட்டிகளை மாடிப்படிக்கு அடியில் அடுக்கினேன். நவம்பர் 16 அதிகாலை புயல் அடித்தது. அப்புறம் மின்சாரம் இல்லை, எங்களுக்கே குடத்துக்கு அலைச்சல், செடிகளை யார் நினைத்தார்கள்? ஐந்து வாரம் ஒரு சொட்டு ஊற்றவில்லை. கொஞ்சம் சுருங்கியிருந்தன, அவ்வளவுதான். இடம் போதாமல் மாடியிலேயே விட்ட ஏழு தொட்டியும் மழையில் அழுகிவிட்டன.

அந்த மாதங்களில் ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். முள் இடுக்கில் மாவுப்பூச்சி தெரிந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பொங்கல் முடிந்து வெளியே எடுக்கும்போது முதல் வாரம் காலை வெயில் மட்டும் காட்டுங்கள். நேராக உச்சி வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெளுத்துவிடும், அந்தத் தழும்பு மறையாது.